பாதிக் குப்பித் தண்ணீர்

சாலைக்கடைத் தெருவில் நான் அரிசி நிறுக்கும் கடைக்கு எதிரே சரக்கு அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கி. அதன் காவல்காரர் பர்மாச் சண்டைக்குப் போய் வந்தவர். சாயாக்கடையில் அவரைச் சீண்டுவார்கள்.

“துப்பாக்கி பிடிச்சது உண்டா வே?”

“கரண்டிதான் பிடிச்சேன். அதையும் சூடு தாங்காம ரெண்டு தடவ கீழ போட்டேன்.”

சிரிப்பார்கள். குடித்த கிளாஸை அவரே கழுவி வைத்துவிட்டுப் போவார். நல்ல அடக்கமான மனுஷன் என்பார்கள்.

என் அண்ணனும் அந்தச் சண்டைக்குத்தான் போனான். பிறகு கடிதம் நின்றது. செத்ததாகத் தாளும் வரவில்லை. காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுத்தான் கருமாதி செய்வது எங்கள் வழக்கம். அதுவரை மதினி பூவும் பொட்டுமாக இருந்தாள். தினமும் அண்ணனுக்கு ஒரு பங்கு சோறு எடுத்து வைப்பாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவளே சாப்பிடுவாள்.

காவல்காரர் எதிரே வேலைக்கு வந்ததிலிருந்து அவரிடம் கேட்க வேண்டும் என்று எட்டு வருஷம் நினைத்தேன். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. சமையல்காரருக்கு என்ன தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு நிறைந்தது. “தாலியைக் கழற்றச் சொன்னா கழற்றுதேன். அதுக்கு முன்னால அந்தக் காவல்காரர்ட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க” என்றாள் மதினி.

போய், அண்ணன் பெயரைச் சொன்னேன்.

“இனி காத்திருக்க வேண்டாம் தம்பி.”

“நீங்க கூட இருந்தீங்களா அண்ணாச்சி?”

“பின்வாங்கி நடந்து வந்தோம். அவனுக்கு வயிற்றுப்போக்கு. மூங்கில் காட்டுல உட்கார்ந்துட்டான். தண்ணி கேட்டான். என் குப்பில பாதி இருந்துது. இல்லைன்னு சொன்னேன். குப்பி குலுங்குற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்” என்றார். “உம்ம முகத்தைப் பார்த்த அன்னைக்கே தெரியும், அவன் தம்பின்னு. வாய் வரல.”

எட்டு வருஷம். நடுவில் ஒரு தெரு.

மதினியிடம், அவர் பக்கத்தில் இருந்தார், தண்ணீர் கொடுத்தார் என்றேன். வெகுநேரம் அழுதாள். “அவர் கையாலயும் ஆத்துல தண்ணி விடச் சொல்லுங்க” என்றாள்.

கரமனை ஆற்றங்கரையில் தர்ப்பையால் அண்ணனின் உருவம் செய்து எரித்தோம். சொல்லியனுப்பியதால் காவல்காரரும் வந்தார். படித்துறையின் மேல்படியில் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார், கீழே இறங்கவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எள்ளும் தண்ணீரும் விட்டார்கள்.

“இன்னும் ஆள் உண்டா?” என்று சடங்கு செய்தவர் என்னிடம் கேட்டார்.

இல்லை என்றேன்.

மேல்படியில் நின்றவருக்குக் கேட்டிருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்கு நடந்தார்.