பன்னிரண்டு ஓட்டை பூட்ஸ்

போன மாதம் கோவளத்தில் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பையன். தலைமயிர் ஊதா நிறம். புருவத்தில் ஒரு வளையம், உதட்டில் ஒன்று. சட்டை கறுப்பு, கால்சட்டை கறுப்பு, நகத்துக்குக்கூடக் கறுப்புச் சாயம். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முன்னால் இருந்த பெண்மணி தன் குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார். நான் குனிந்து அவன் காலைப் பார்த்தேன். பூட்ஸ். ஓட்டைகளை எண்ணினேன். எட்டுதான் இருந்தது.

"பத்தாதுப்பா" என்றேன்.

பையன் நகர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பேருந்தில் அன்று நிஜமாகவே பயந்தவன் அவன் ஒருவன்தான்.

எனக்கு ஒன்பது வயதில் தெரிந்த பூட்ஸுக்கு ஒரு காலுக்குப் பன்னிரண்டு ஓட்டை. அது என் சித்தப்பாவுடையது. அவருக்கு முன்னால் அது ஒரு ஜெர்மன்காரனுடையதாக இருந்தது.

சித்தப்பா மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் தையல் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் ஒரு சட்டையைக் கொடுத்து அதேபோல் இரண்டு கேட்பார்கள். சாயங்காலத்துக்குள் தைத்துக் கொடுத்துவிடுவார். ஒருநாள் அந்த ஜெர்மன்காரன் வந்தான். தலையின் இரண்டு பக்கமும் மழித்து, நடுவில் மட்டும் சேவல் கொண்டைபோல முடியை நிறுத்தியிருந்தான். கையில்லாத ஒரு மேல்சட்டையைக் கழற்றிக் கொடுத்து, ஜிப் மட்டும் போட வேண்டும் என்று சைகை காட்டினான். சித்தப்பா விரித்துப் பார்த்தார். பதினேழு கிழிசல். ஒவ்வொரு கிழிசலையும் ஊக்கு குத்திச் சேர்த்திருந்தது. பாவம், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை போலிருக்கிறது என்று சித்தப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, பதினேழு கிழிசலையும் இடம் தெரியாமல் இழை ஓட்டித் தைத்து, ஊக்குகளை எல்லாம் பிடுங்கி ஒரு பொட்டலமாகக் கட்டி, துவைத்து, இஸ்திரியும் போட்டு வைத்தார்.

ஜெர்மன்காரன் வந்து பார்த்துவிட்டு, கடைப் படியில் உட்கார்ந்து அழுதான்.

அதன்பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தப் பதினேழு கிழிசலையும் திரும்பக் கிழித்தார்கள். சித்தப்பா தொழில்காரர், எந்த இடம் எவ்வளவு கிழிந்திருந்தது என்று அவருக்குத்தான் ஞாபகம் இருந்தது. கிழித்துக்கொண்டே ஏன், எதற்கு என்று கேட்டிருக்கிறார். அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். "பாஷை புரியலடா, ஆனா வெசயம் புரிஞ்சிப்போச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஊருக்குப் போகும்போது அவன் பூட்ஸை சித்தப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு அளவு பெரியது. முன்னால் வெட்டுத்துணியை அடைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒரு கோடியில் எங்கள் தெரு, மறு கோடியில் பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும். நடுவில் குளத்துத் தெரு. குளத்துத் தெருக்காரர்களுக்கு நிலம் இருந்தது. எங்கள் சனத்துக்கு அந்த நிலத்தில் வேலை இருந்தது. அப்பாதான் முதலில் அதை விட்டு, கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தவர். தினமும் காலையில் பஸ் பிடிக்கக் குளத்துத் தெரு வழியாகத்தான் போவார். தெருமுனை அடிபம்பு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பள்ளிக்கூடம் தாண்டியதும் போட்டுக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"செருப்பு தேஞ்சிடும்டா" என்றார்.

எங்கள் தெருவில் எல்லோருமே அங்கே கழற்றிவிடுவார்கள். எங்கள் சனத்தைப் போல் சிக்கனமான சனம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டிக்கு ராஜா வேஷத்துக்குப் பேர் கொடுத்திருந்தேன். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அழைத்துப்போகச் சித்தப்பா வந்தார். முந்தின நாள் சாயங்காலமே லுங்கியும் சட்டையுமாக, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். தலைவலி என்றார். எனக்கு வெல்வெட் அங்கி, சரிகைக் கரை, அட்டைக் கிரீடம், அட்டைக் கத்தி எல்லாம் பெட்டியில் இருந்தன. பூட்ஸும் அதே பெட்டியில்தான் இருந்தது.

காலையில் அப்பா வேலைக்குப் போன பிறகு அவர் துண்டை அவிழ்த்தார். ஜெர்மன்காரனின் கொண்டை. அம்மா சட்டைக்குப் போட வைத்திருந்த கஞ்சியை எடுத்துத் தலையில் தடவி முடியை நிமிர்த்தி நிறுத்தினார். அவனுடையதைப்போலவே கிழித்து ஊக்கு குத்திய மேல்சட்டை, சங்கிலி, காதில் ஊக்கு. முட்டி தெரியக் கிழிந்த பேண்ட்டைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்க வேற துணி இல்லாம கிழிஞ்சத கட்டிக்கினு திரிஞ்சோம். நீ நல்ல துணிய கிழிச்சி கட்டிக்கினு கீற. உனுக்கு இன்னா பேயி புட்ச்சிருக்குதா?"

"நானா கிழிச்சது அண்ணி. அதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு சித்தப்பா லேஸ் கட்ட உட்கார்ந்தார். ஒரு காலுக்குக் கால் மணி நேரம் ஆனது.

அதற்குள் ராஜா இரண்டு முறை கொல்லைப்புறம் போய்வந்தார். மொத்தப் பள்ளிக்கூடமும் சிரிக்கப் போகிறது என்பதுதான் அதுவரை என் பயம். அடிபம்பு வந்ததும் பயம் மாறியது. வழக்கம்போல் நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வெல்வெட் அங்கி, தலையில் கிரீடம், இடுப்பில் கத்தி, கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. சித்தப்பா நிற்கவே இல்லை. தொம் தொம் என்று தெருவுக்குள் போய்விட்டார்.

"சித்தப்பா, தேஞ்சிடும்" என்றேன்.

"எது?" என்றார் அவர். திரும்பக்கூட இல்லை.

நெல் மில் வாசலில் மில்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு வாரத்தில் நாலு நாள் வேலை அவர் களத்தில்தான். எங்கள் தெருவே அவரை ஐயா என்றுதான் கூப்பிடும். அன்றும் எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸ் சத்தத்துக்கு எல்லாக் கையும் நின்றுவிட்டது.

"டேய், நில்லு. யாரு வூட்டுப் புள்ள நீ? இன்னா வேஷம் இது?"

எனக்கு உயிர் வந்தது. வேஷம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆமாம் என்றால் முடிந்தது. "மாறுவேடப் போட்டிங்க ஐயா. நான் ராஜா. இவரும் வேஷம்தான்" என்று கடகடவென்று ஒப்பித்தேன். மில்காரரின் முகம் கொஞ்சம் இளகியது.

"அப்டியா. வேஷம்னா சரி, போங்க."

"வேஷம் அவனுக்குத்தான் அண்ணாத்த. எனுக்கு இது துணி" என்றார் சித்தப்பா.

வேஷத்தை மறுத்தது ஒன்று. அண்ணாத்த என்றது இரண்டு. எது பெரிய குற்றம் என்று தீர்மானிக்க மில்காரருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் நான் எங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் மனசுக்குள் ஈமக்கடன் முடித்துவிட்டேன். அம்மாவுக்கு வேலை போய்விட்டது. சித்தப்பாவைப் புளியமரத்தில் கட்டிவிட்டார்கள். என்னையும் கட்டுகிறார்கள், கிரீடத்தோடு.

மில்காரர் எழுந்து நின்றார். "கால்ல இருக்கறத கழட்டிக் கைல எட்த்துக்கினு போ."

"பன்னெண்டு ஓட்ட அண்ணாத்த. கழட்ட கால் மணி நேரம், மாட்ட கால் மணி நேரம். விழாவுக்கு நேரமாயிடும்." சித்தப்பா வலது காலைத் தூக்கி மில் படியில் வைத்தார். "உங்களுக்கு அவசரம்னா நீங்களே அவுத்து வுடுங்க."

களத்தில் ஒரு நெல்மணி நகரவில்லை. மில்காரர் அந்தக் காலைப் பார்த்தார். அவருடைய இரண்டு ஆட்கள் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. ஓடிப்போய் மில் படியில் மண்டியிட்டேன். "நான் கழட்டிடறேங்க ஐயா, நான் கழட்டிடறேன்" என்று அழுதுகொண்டே லேஸைப் பிடித்து இழுத்தேன். கிரீடம் கழன்று உருண்டு களத்துக்குப் போயிற்று. எந்த முனையை இழுத்தேன் என்று தெரியாது. ஒரு முடிச்சு விழுந்தது. அதை அவிழ்க்கப் போய் அதன்மேல் இன்னொன்று. பல்லால் கடித்தேன், மூன்றாவதும் விழுந்தது. லேஸ் கல்லாகிவிட்டது.

சித்தப்பா என் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். முடிச்சைக் குனிந்து பார்த்தார்.

"போச்சு. இனிமே நானே நெனச்சாலும் கழட்ட முடியாது."

களத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் எதிர்வீட்டு அத்தை. கையில் கிரீடத்தை எடுத்து நெல்லைத் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ராசாவே குனிஞ்சி பல்லால கட்ச்சிப் பாத்துட்டாரு. அப்பவும் வரல. வேற யாரு குனியறது?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு களமே சிரித்தது. வாசலுக்கு வந்த ஆட்களில் ஒருவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டான். மில்காரர் முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, அவரே குனிய வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

"போடா" என்றார். தாள் தலைகீழாக இருந்தது.

குளத்துத் தெருவின் மறுகோடி வரைக்கும் தொம் தொம் என்று நடந்தோம். அதாவது அவர் நடந்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் ஓடினேன். போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. அழுத ராஜாவை யாருக்குப் பிடிக்கும்? தலைப்பாகையும் ஏர்க்கலப்பையுமாக உழவர் வேஷம் போட்டுவந்த மில்காரரின் பேரனுக்கு முதல் பரிசு.

சாயங்காலம் அப்பா வருவதற்குள் சேதி அவருக்கு பஸ் நிறுத்தத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா அரிவாள்மனையோடு சித்தப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "வேல போச்சு, இந்தக் கருமத்தயாவது அறுத்து எறியறேன்" என்றாள். அவள் பயந்தபடியே இரண்டு வாரம் களத்துக்குக் கூப்பிடவில்லை. அறுவடை வந்ததும் அவர்களே ஆள் அனுப்பினார்கள்.

அப்பா வாசலிலேயே நின்று, "கழட்னியா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க கழட்றது. உம் புள்ள முடிச்சு போட்டு வெச்சிட்டான்."

அப்பா குனிந்து அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் போனேன். "இருக்கட்டும், அறுக்காத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சித்தப்பா ஒரு காலில் பூட்ஸோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அப்பாவும் நானும் சேர்ந்தே கிளம்பினோம். அடிபம்பு வந்தது. நான் வழக்கம்போல் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா ஒரு நிமிடம் நின்றார். பம்பு அடிக்கிறவர்போல அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்போடு தெருவுக்குள் காலை வைத்தார்.

"அப்பா, தேஞ்சிடும்" என்றேன்.

"தேயட்டும்."

கல்பாக்கத்தில் சம்பளம் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். குடும்பத்தில் ஒருவராவது சிக்கனமாக இருக்க வேண்டாமா? என் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு கூடவே நடந்தேன். மில் வாசல் நெருங்கும்போது அப்பா திரும்பிப் பார்த்தார். செருப்பை என் கையிலிருந்து பிடுங்கி, என் காலுக்கு முன்னால் தரையில் பட்டென்று போட்டார்.

"மாட்றா."

அப்பா என்னிடம் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. கால் அணா பெறாத ரப்பர் செருப்பைக் காப்பாற்றியதற்காகப் பெற்ற பிள்ளைமேல் ஒரு மனிதர் இப்படிக் கோபப்படுவாரா என்று எனக்கு விளங்கவே இல்லை. செருப்பு போட்ட காலோடு, குளத்துத் தெரு முடிகிறவரை அழுதுகொண்டே போனேன்.