இலையுதிர்காலப் பாட்டும் எச்சரிக்கைக் கடிதமும்

புஷ்பவதிக்குப் பாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. மொன்றியலின் லாசால் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், இரண்டாம் மாடிக்காரரைக் குளிப்பாட்டுவது பதினொரு வருடமாக அவளுடைய வேலை. ஞாபகம் போனவர்களைக் குளிப்பாட்டுவது லேசான காரியமில்லை. தண்ணீர் பட்டதும் அடிப்பார்கள், கடிப்பார்கள், கையில் அகப்பட்ட மயிரைப் பிடித்து இழுப்பார்கள். அக்டோபர் பிறந்து பொழுது சுருங்கத் தொடங்கினால் இன்னும் மோசம். காரணம் தெரியாமலே கலங்கிப்போவார்கள்.

மொசியே லவலே என்ற முதியவரைக் குளிப்பாட்ட முன்பெல்லாம் இரண்டு பேர் வேண்டும். அந்தக் காலத்தில் மொன்றியல் கிளப்புகளில் ஜாஸ் வாசித்த மனிதர். ஆள் உயரத்துக்கு நிற்கும் வயலின் போன்ற பேஸ் வாத்தியத்தை விரலால் சுண்டி வாசிப்பாராம். பேச்சு நின்று இரண்டு வருடமாகிவிட்டது, கூச்சல் மட்டும் மிச்சம். அந்தக் கூச்சல் தாங்காமல் ஒருநாள் புஷ்பவதி போனை எடுத்து, இலையுதிர்காலம், ஜாஸ் என்று தட்டினாள். வெளியே இலை கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் தவிர வேறு காரணமில்லை.

நூற்றுக்கணக்கில் பாட்டுகள் வந்தன. இலை விழுவது, செப்டம்பர் முடிவது, பிரிந்து போனவர், வெறுமையான தெரு. எல்லாம் மெதுவான பாட்டுகள். மேளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, யாரோ முற்றத்தில் சருகு கூட்டுவது போலக் கேட்டது. கூச்சல் குறைந்தது. பிறகு வந்த இலையுதிர்காலங்களில் யாருக்கு எந்தப் பாட்டு என்பதை அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தமிழில் எழுதி வைத்தாள். ஒருத்திக்குப் பிரெஞ்சுப் பாட்டு, இன்னொருத்திக்குக் குரலே இல்லாத பியானோ. லவலேயின் பாட்டில் முதலில் பேஸ் மட்டும் தனியாக வரும். அதைக் கேட்டதும் அவருடைய விரல்கள் தொட்டி விளிம்பில் நடக்கும், தொண்டையிலிருந்து ஒரு முனகல் எழும்பி மெட்டோடு சேர்ந்துகொள்ளும். ஒரு ஆள் போதும், பத்து நிமிடத்தில் குளிப்பு முடியும்.

அந்தக் கொப்பியைத்தான் சர்மிளா எடுத்தாள்.

சர்மிளா இல்லத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பானவள். புஷ்பவதியின் சிநேகிதி சிவநேசத்தின் மகள். அந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே புஷ்பவதிதான். துவாய் வண்டியில் கிடந்த கொப்பியைப் போனில் படமெடுத்து, பிரெஞ்சில் பெயர்த்து, "இலையுதிர்கால இசைத் திட்டம்" என்று தன் பெயரில் நிர்வாகியிடம் கொடுத்திருந்தாள். சின்ன வயதில் போன சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அதற்குத்தான் உதவியது. புஷ்பவதி கேட்கப் போனபோது, பாட்டு தன்னுடைய பகுதி, குளிப்பாட்டுவதுதான் அன்ரியின் பகுதி என்றாள். மறுவாரம், வேலை நேரத்தில் போன் பாவித்ததாகப் புஷ்பவதிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடியில், முறையிட்டவர் என்று சர்மிளாவின் கையெழுத்து. இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும்.

புஷ்பவதி அழவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அக்டோபர் கடைசியில் சர்மிளா விழா வைத்தாள். கீழ் மண்டபத்தில் பூசணிக்காய், காகித இலைகள், அப்பிள் சாறு, நாற்பது கதிரை நிறையக் குடும்பத்தார். லவலேயின் மகள் ஒட்டாவாவிலிருந்து வந்திருந்தாள். வருடக்கணக்காக ஒரு வார்த்தை பேசாத அப்பா பாட்டோடு சேர்ந்து முனகுவார் என்று சர்மிளா அவளுக்குச் சொல்லியிருந்தாள். அவரை முன்வரிசையில் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தியதும் புஷ்பவதிதான். பிறகு போய்ப் பின்சுவரோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சர்மிளா போட்டது அதே பாட்டைத்தான். ஆனால் வேறு ஒருவர் வாசித்தது. சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவளுக்கு ஒரு பாட்டென்றால் ஒரு குரல், ஒரு பதிவு, அவ்வளவுதான். ஜாஸில் ஒரே பாட்டை நூறு பேர் நூறு விதமாக வாசிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கொப்பியிலும் பாட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. எவர் வாசித்தது என்பதைப் புஷ்பவதி எழுதவில்லை. அது அவளுடைய போனில் இருந்தது.

ஒலிபெருக்கியில் ட்ரம்பெட் அலறியது. லவலே திடுக்கிட்டார். சர்மிளா சிரித்த முகத்தோடு சத்தத்தைக் கூட்டினாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினார். மகள் முழந்தாளிட்டு "பப்பா, பப்பா" என்று கையைப் பிடிக்கப் போக, முகத்தில் ஒரு அடி விழுந்தது.

சர்மிளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"அன்ரி, உங்கட போனில இருக்கிறதைப் போடுங்கோ. பிளீஸ், கெதியா."

"வேலை நேரத்தில போன் பாவிக்கக் கூடாதெண்டு நீர்தானே பிள்ளை எழுதினனீர்."

"அன்ரி, எல்லாரும் பாக்கினம்."

"ஓம். நானும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

போன் அவளுடைய சட்டைப் பையில்தான் இருந்தது. பாட்டு ஓடி முடியும்வரை, நாலு நிமிடம், அவள் கட்டிய கையை எடுக்கவில்லை. பிறகுதான் போய் லவலேயை மேலே கொண்டுபோனாள். அவருடைய மகளிடம், வியாழக்கிழமை பத்து மணிக்குக் குளிக்கும் அறைக்கு வரும்படி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

மகள் வந்தாள். புஷ்பவதி தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்து, அவருடைய தோளில் துவாயைப் போர்த்தி, போனை அலுமாரி மேல் வைத்தாள். பேஸ் தனியாகத் தொடங்கியது. விரல்கள் நடந்தன. முனகல் எழும்பியது. மகள் கதவோடு சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அவள் நேரே நிர்வாகியிடம் போனாள். போகும்போது புஷ்பவதி கொடுத்த மடித்த கடிதமும் கொப்பியும் அவள் கையில் இருந்தன.

எச்சரிக்கைக் கடிதம் கிழிக்கப்பட்டது. சர்மிளாவைப் பற்றிப் புஷ்பவதி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் அவளை வேலையிலிருந்து நிறுத்தலாம், கொடுக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று சொல்லி நிர்வாகி ஒரு படிவம் கொடுத்தாள்.

ஞாயிறு மத்தியானம் சிவநேசம் மகளையும் கூட்டிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள புஷ்பவதியின் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி பயித்தம் பணியாரம். புஷ்பவதி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். சிவநேசம் மூச்சு விடாமல் கதைத்தாள். இருபத்தெட்டு வருடப் பழக்கம், கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது, பிள்ளைக்கு வீட்டுக் கடன்.

"சின்னப் பிள்ளை, புஷ்பாக்கா. மன்னிச்சு விடுங்கோ."

புஷ்பவதி அவளைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள்.

"அண்டைக்கு அந்த மனிசன் காதைப் பொத்தினது. நீர் ஏன் பாட்டை நிப்பாட்டேல்லை?"

சர்மிளா கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ்வளவு சனத்துக்கு முன்னால எப்பிடி அன்ரி நிப்பாட்டுறது?"

அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்கலாம் என்று புஷ்பவதிக்குத் தெரியும். கேட்கவில்லை. எழுந்து போய் அலுமாரியிலிருந்து முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்துவந்தாள். பணியாரப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணி, அவர்கள் இருவர் முன்னாலும் நிரப்பிக் கையெழுத்து வைத்து, உறையில் போட்டு ஒட்டினாள்.

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

யாரும் குடிக்கவில்லை. சிவநேசம் எழும்பினாள். வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து, பணியாரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

புஷ்பவதி மூன்று கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். நல்ல நித்திரை வந்தது.