விளங்கித்தான் தூக்கினது

ஆங்கிலத்தில் மூன்று பக்கம். ஸைனுலாப்தீனுக்கு ஆங்கிலம் விளங்காது என்று அதில் எழுதியிருந்தது. அதைக் கடைசிப் புள்ளிவரை ஆங்கிலத்திலேயே வாசித்து முடித்தார் அவர். முடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் குத்திய குத்தில் தேத்தண்ணி பாதி வெளியே சிந்தியது.

"இஞ்சாருங்க, என்ன எழுதியிரிக்கி?" குசினியிலிருந்து மனைவி மைமூனா கேட்டாள்.

"நான் ஒண்டும் விளங்காத மோடன் எண்டு எழுதியிரிக்கி. நாளைக்குப் பத்து மணிக்குள்ள கையெழுத்து வெக்கட்டாம்."

இருபத்தாறு வருடமாகத் துறைமுகக் கரையில் வேலை. தன் ஊரான கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்பு பாதைப் படகில் ஏறிக் கடந்து வந்த காலத்திலிருந்து. முதலில் கப்பல்களில் கயிறு கட்டினார். இப்போது தனியார் படகுத்துறை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறார். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆங்கிலம், கப்பல்காரர்களின் வாயிலிருந்து பொறுக்கியது. அந்தக் கரையில் எல்லாரும் அப்படித்தான் பொறுக்கினார்கள். எழுதிவைத்தவர் அவர் ஒருவர்தான்.

அலுமாரியில் நான்கு தடித்த சீ.ஆர். குறிப்புக் கொப்பிகள் இருந்தன. இடப்பக்கம், கேட்ட சொல் தமிழெழுத்தில். வலப்பக்கம், யார் சொன்னான், யாருக்குச் சொன்னான், முன்னே என்ன நடந்தது, சொன்ன பிறகு அவன் என்ன செய்தான். 'கோல் இட் எ டே' என்று ஒரு கப்பல் எஞ்சினியர் சொன்னபோது, சொற்களைத் தனித்தனியே பார்த்தால் நாளுக்குப் பெயர் வைப்பதுபோல இருந்தது. ஆனால் அந்த மனிதன் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டான். வேறு கப்பலில் வேறொருவன் அதையே சொல்லிக் கையுறையைக் கழற்றினான். மூன்றாம் தரமும் அப்படியே நடந்த பிறகுதான் 'இன்றைக்கு வேலை போதும்' என்று எழுதினார். மூன்று தரம் கேட்காமல் கருத்து எழுதுவதில்லை. அது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

மூன்று கிழமைக்கு முன்பு, ஒரு வெள்ளைக்காரரின் பாய்ப்படகைத் தண்ணீரில் இறக்க வேண்டியிருந்தது. படகைத் தாங்கும் இரண்டு பெல்ட்டுகளில் ஒன்றின் ஓரத் தையல் விட்டிருந்ததைக் கண்டு, வோக்கி டோக்கியில் மனேஜரிடம் சொன்னார். மனேஜர் வெளிநாட்டில் படித்து வந்தவர். பகிடியும் தோளில் தட்டலுமாகக் கதைக்கிறவர். "டோன்ட் ஸ்வெட் இட்" என்றார். ஸைனுலாப்தீன் தூக்கினார். பெல்ட் அறுந்தது. படகின் பின்பக்கம் சரிந்து, கீழே கயிறு பிடித்து நின்ற கூட்டாளி கோணாமலையின் வலது காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது.

அப்படிச் சொன்னதை மனேஜர் மறுக்கவில்லை. 'கவலைப்படாதே' என்று ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு வழக்கை, ஆங்கில அறிவு குறைந்த ஓட்டுநர் கட்டளையாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் கம்பனி அனுப்பிய அந்த மூன்று பக்கத்தின் சாரம். அதை ஒப்புக்கொண்டால் ஓர் எச்சரிக்கையோடு வேலை மிஞ்சும்.

"வெச்சிட்டுப் போங்களேன்," என்றாள் மைமூனா, மேசையைத் துடைத்துக்கொண்டே. "இங்கிலீசு தெரியாதெண்டா என்ன குறைஞ்சு போகும்? எனக்குந்தான் தெரியாது."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

கடைசிக் கொப்பியை எடுத்துப் புரட்டினார். 'டோன்ட் ஸ்வெட் இட்' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. பிலிப்பீன் சமையற்காரன் ஒருவன் சொன்னபோது அது ஆறுதல்தான்; ஸைனுலாப்தீன் உடைத்த பீங்கானை அவனே குனிந்து கூட்டி அள்ளினான். விபத்துக்கு முன்பு மனேஜர் சொன்னது மூன்று தரம். தீயணைக்கும் குப்பி காலாவதியாகிவிட்டது என்று கோணாமலை சொன்னபோது ஒன்று. மழைக்குள் வெல்டிங் வேண்டாம் என்றபோது ஒன்று. படகுக்கு முட்டுக் கொடுத்த தடி வெடித்திருக்கிறது என்றபோது ஒன்று. மூன்று தரமும் சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். மூன்று தரமும் வேலை நடந்தது. கீழே ஸைனுலாப்தீன் எழுதியிருந்த கருத்து: 'எனக்குத் தெரிய வேண்டாம். நீ செய்து முடி.'

பின்னேரம் கோணாமலையின் ஊரான சல்லிக்குச் சைக்கிளை மிதித்தார். கோணாமலை ஒரு கதிரையில் இருந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தார். முற்றத்தில் அவர் மனைவி யோகம்மா கருவாட்டுக்கு மீன் காயப்போட்டிருந்தாள்.

"வா மச்சான். என்ன முகம் கருவாடு மாதிரிக் கிடக்கு? காயவைக்க இஞ்ச இடமில்லை, முத்தமெல்லாம் யோகம்மான்ர மீன்."

ஸைனுலாப்தீன் கடதாசி வந்த கதையைச் சொன்னார்.

"கையெழுத்தை வைச்சு விடு," என்றார் கோணாமலை. "என்ர காலும் போய் உன்ர வேலையும் போறதே? அவன்ர இங்கிலீசு ஆருக்கு விளங்குது? விளங்கியிருந்தா நீ தூக்கியிருக்க மாட்டாய். யோகம்மாவுக்கும் அதைத்தான் சொன்னனான்."

ஸைனுலாப்தீனுக்கு மனேஜர்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பித் தன்மேல் விழுந்தது.

"விளங்கினது, மச்சான்."

"என்ன?"

"விளங்கித்தான் தூக்கினனான். பெல்ட் பழுதெண்டும் தெரியும், அவன் செய்யச் சொல்றான் எண்டும் தெரியும். ஏலாதெண்டு சொல்லப் பயந்திட்டன்."

"நான் கீழ நிண்டது?"

"தெரியும்."

கைக்கெட்டிய செம்பு பறந்து வந்து கதவு நிலையில் மோதியது. முற்றத்தில் மீன் புரட்டிக்கொண்டிருந்த யோகம்மா ஓடிவந்தாள்.

"எழும்பிப் போடா!" கோணாமலை கத்தினார். "விளங்காதவன் எண்டு உனக்காக ஊரெல்லாம் கதைச்சனான். நாளைக்கு அந்தக் கடதாசியில என்ன எழுதுறாய் எண்டு பாப்பம். எழுதிப்போட்டு வா. இல்லாட்டி இந்தப் பக்கம் வராத!"

மறுநாள் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு, படகுத்துறை அலுவலகத்தில், ஆட்களைக் கவனிக்கும் ஆளணிப் பகுதி அலுவலர் ஹஸ்மி, மூத்த அண்ணனிடம் பேசுவதுபோலப் பேசிப் பேனையை நீட்டினான்.

"இந்த இடத்தில ஒரு கையெழுத்து, நானா. பெரிய விசயமில்ல."

"தம்பி இத வாசிச்சீங்களா?"

"நான்தானே டைப் பண்ணின."

"டைப் பண்ணியும் உங்களுக்கு விளங்கல்ல."

அடிமட்டம் கேட்டு வாங்கினார். தனக்கு விளங்காது என்றிருந்த வரியின்மேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். கீழே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக எழுதினார்: பெல்ட் பழுது என்று அவரிடம் சொன்னேன். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன். கையெழுத்தைப் போட்டு, கொண்டுவந்திருந்த கொப்பிப் பக்கத்தின் பிரதியையும் அதோடு பின் அடித்தார்.

"நானா, உங்கட தலையில நீங்களே மண்ணள்ளிப் போடுறீங்க. வேல போயிரும்!"

"போகட்டும். கொண்டுபோய்க் குடுங்க."

கொண்டுபோகத் தேவைப்படவில்லை. மனேஜர் கதவடியில் நின்றார். தாளை வாங்கி வாசித்தார். காதுமடல் சிவந்தது. ஸைனுலாப்தீனைப் பாராமல், அங்கே ஒரு மரம் நிற்பதுபோல அவர் தலைக்கு மேலால் ஹஸ்மியிடம் சொன்னார்: "ஹி'ஸ் த்ரோன் மீ அண்டர் த பஸ்."

பஸ்ஸுக்கு அடியில் தள்ளிவிட்டானாம்; நான்கு கொப்பியிலும் அந்தச் சொல் இல்லை. ஸைனுலாப்தீன் அன்றுதான் கேட்டார். ஆனால் அந்தச் சிவந்த காதும், தாளை ஆட்டிய கையும், கூட இருந்தவனே தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்ற அந்தக் குரலும் போதும். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"பஸ்ஸுக்கு அடியில் நீங்கள் இல்லை, சேர்," என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். சொல் தடக்கவில்லை. "அங்கே கிடக்கிறவன் கோணாமலை. பஸ்ஸை ஓட்டியது நாங்கள் இரண்டு பேரும்."

மனேஜர் தாளை ஹஸ்மியின் மேசையில் போட்டுவிட்டு வெளியேறினார்.

ஸைனுலாப்தீன் கிரேன் சாவியை மேசையில் வைத்தார். எழுதியதில் ஒரு பிரதி எடுத்துத் தரும்படி ஹஸ்மியிடம் கேட்டு, அது வரும்வரை நின்றே இருந்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைச் சல்லிப் பக்கம் திருப்பினார்.