டிக்கெட் கேட்டவரை அறைந்த ரைடருக்கு எந்த ஆட்டத்தில் தடை?

இன்று நான் தலைவராக இருக்கும் எங்கள் கபடி லீக் கமிட்டி கூடியது. எங்கள் ஊர் டீமில் சம்பளத்துக்கு ஆடும் ரைடர், பழனி பஸ்ஸில் டிக்கெட் கேட்ட கண்டக்டரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார்.

"ஒரு மேட்ச் தடைண்ணே. ஃபைனலுக்குத்தான் வந்தாச்சுல்ல, நாளைக்கு லீக் மேட்ச்ல உக்காரட்டும்" என்றார் செயலாளர்.

"தோத்தாலும் ஒண்ணுமில்லாத மேட்ச்ல உக்கார வைக்கிறது தண்டனையா அப்பு? ஃபைனல்ல உக்காரட்டும்" என்றேன்.

"அவன் இல்லேன்னா கப்பு அம்புட்டுத்தேன்!"

"அப்பத்தேன் உறைக்கும். அவனுக்கும், நமக்கும்."

என் கையெழுத்து இல்லாமல் அவர் ஃபைனலில் இறங்க முடியாது. நான் போடவில்லை.

அதே டீமில் ஆடும் என் மகன் மதியத்திலிருந்து என்னோடு பேசவில்லை.

நான் செய்தது தப்பென்றால் தாராளமாக எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.