செருப்புக் காவல்

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து வீட்டுக் கூடத்தில், ஞாயிறு காலையில் சிலர் சேர்ந்து தியானம் செய்வார்கள்; நானும் போய்க்கொண்டிருந்தேன். குரு கிடையாது, படம் கிடையாது, உண்டியலும் கிடையாது. அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம். அதுதான் எனக்குச் சந்தேகம். எதுவும் கேட்காதவர்கள் பின்னால் பெரிதாக ஏதோ கேட்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். வாசலில் செருப்பை விடக்கூட மனம் வரவில்லை. பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அரைக்கண்ணால் எல்லோரையும் நோட்டம் விடுவேன்.

ஒரு வாரம், எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் சரோஜா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"இன்னிக்கு நீங்க வெளிய உக்காந்து செருப்பெல்லாம் பாத்துக்கறீங்களா? வாரம் ஒருத்தர் பாத்துக்கறோம்."

"நானா? என்னைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"செருப்பைப் பையில வச்சுட்டு உக்காருவீங்களே! உங்களைவிட நல்லா வேற யாரு பாத்துப்பாங்க?" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடுப்போடுதான் படியில் உட்கார்ந்தேன். ஸ்கூட்டரை நிறுத்திப் போன் பேசியவரை, அவர் கிளம்பும்வரை முறைத்தேன். சந்தில் வந்த நாயைக்கூட நம்பவில்லை. பிறகு, உள்ளே இருப்பவர்கள் என்னைக் கண்காணிக்கிறார்களோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருவர்கூட வாசல் பக்கம் திரும்பவில்லை. நான் இங்கே உட்கார்ந்திருப்பதால்தான் அவர்களால் அப்படி உட்கார முடிகிறது என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு என் செருப்பையும் வரிசையில் விட்டுவிட்டு உள்ளே போனேன். அன்று யார் காவல் என்று திரும்பிப் பார்க்கவில்லை.