எட்டாம் நம்பரை நான் மாற்றவில்லை

நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்ற ஓர் ஆட்டத்துக்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. அதற்கு முன்னால் ஜெயித்த ஆட்டங்களுக்காகத்தான் கொஞ்சம் வெட்கப்படுகிறேன். விவரம் தெரியாத வயசு, விட்டுத்தள்ளு என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். விவரம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் செய்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சிவகாசியில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பிரஸ். தாத்தா தொடங்கியது. நாட்காட்டி அச்சடிப்பதுதான் முக்கிய வேலை. ஆபீஸ் பெரியப்பாவுக்கு, மெஷின் அப்பாவுக்கு என்று யாரும் எழுதி வைக்காத ஒரு பங்கீடு நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா வெள்ளை வேட்டியில் ஏஜெண்டுகளோடு காபி குடிப்பார். அப்பா மையும் கையுமாக மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பார். நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை விலகாமல் உட்கார வேண்டும். அதைப் பிரஸ்ஸில் ரிஜிஸ்டர் என்பார்கள். அப்பா சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு தாளின்மேல் குனிந்தால், சாமி கும்பிடுவதைப்போல் அக்கம்பக்கம் பேச்சு நின்றுவிடும்.

பெரியப்பா மகன், அதாவது எனக்கு அண்ணன், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்கு ஒரு வீடியோ கேம் பெட்டி பரிசாக வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அவன் கூட்டாளிகள் ஹாலில் குவிந்துவிடுவார்கள். கால்பந்து, கால்பந்து, வேறொன்றும் கிடையாது. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை தண்ணீர் கொண்டுவருவது. எவனாவது டியூஷனுக்குப் போய் ஆள் குறைந்தால் மட்டும் கருணை கூர்ந்து ஒரு கன்ட்ரோலரைத் தருவார்கள். எனக்குக் கிடைத்தது யாரும் சீந்தாத நீலச் சட்டை அணி. அதில் எட்டாம் நம்பர் போட்ட ஒரு மொட்டைத் தலைக்காரன் இருந்தான். பந்து அவன் காலுக்கு வந்தால் நின்று யோசித்துத்தான் அடுத்தவனுக்குக் கொடுப்பான். எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆளின் பெயருக்குக் கீழேயும் ஒரு சின்னக் கோடு தெரியும். ஆட்டம் தொடங்கும்போது பச்சையாக இருக்கும். வேகமாக ஓடும் பொத்தானை அழுத்த அழுத்த, போனில் சார்ஜ் இறங்குவதுபோல அது குறைந்து மஞ்சளாகி, கடைசியில் சிவப்பாகும். சிவந்தவனால் ஓட முடியாது, காலில் வந்த பந்தையும் பறிகொடுப்பான். அவனை வெளியே எடுத்துப் புது ஆளை இறக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு மூன்று பேரைத்தான் மாற்றலாம்.

பையன்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. தொடக்கத்திலிருந்தே ஓடும் பொத்தானில் கட்டைவிரலை ஊன்றிவிடுவார்கள். அண்ணன் மட்டும் கவனித்திருக்கிறான், ஆனால் திருட்டுத்தனமாக. செட்டிங்ஸில் களைப்பு என்பதையே மொத்தமாக அணைத்து வைத்துவிடுவான். அவனுடைய முன்கள ஆட்டக்காரன் தொண்ணூறு நிமிடமும் குதிரை மாதிரி ஓடுவான். என் அணிக்கோ, ஆளை மாற்றுவதை ஆட்டோமேட்டிக்கில் போட்டிருந்தான். அறுபதாவது நிமிடம் ஆனதும் என்னைக் கேட்காமலே கம்ப்யூட்டர் என் எட்டாம் நம்பரை வெளியே அனுப்பிவிடும். இது ஏதோ பெட்டியின் குணம் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் எல்லாரும் முறுக்குத் தின்னப் போன நேரத்தில் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்றிலிருந்து அதைத் திறந்து பார்க்காமல் ஆட்டத்தில் உட்காரமாட்டேன். களைப்பு இருக்க வேண்டும். தானாக மாற்றுவது இருக்கக் கூடாது. என் ஆளை நான்தான் எடுப்பேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தாச்சு என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். செய்யட்டும். முதல் பாதியில் யாரையும் ஓடவிடாமல் மெதுவாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பேன். அவர்கள் ஆட்கள் எல்லாம் சிவந்து தள்ளாடும் நேரம் பார்த்து இரண்டு புதுக் கால்களை இறக்குவேன். அவ்வளவுதான், வரிசையாக ஜெயித்தேன். பெரியப்பாவே ஒருநாள் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எப்படித் தாயி ஜெயிக்கிறே என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடு, நிறம், மாற்றுவது எல்லாவற்றையும் அவருக்குப் பாடமே நடத்திவிட்டேன்.

அந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்கு, பெரியப்பாவின் மூத்த மகளுக்கு, கல்யாணம் நடந்திருந்தது. அத்தான் விருதுநகர்க்காரர், பருப்பு வியாபாரம் செய்யும் குடும்பம். அவர் பிரிண்டிங் படித்தவர் என்பதை மாமியாரான பெரியம்மை எல்லாரிடமும் சொல்லுவாள், காலையில் ஒருமுறை சாயங்காலம் ஒருமுறை.

ஆடிப் பெருக்கு வந்தால் எங்கள் ஊரில் காலண்டர் சீசன் தொடங்கிவிடும். எல்லா வருஷமும் அப்பா சீசனில் உழைப்பவர்தான். ஆனால் அந்த வருஷம் அவர் உழைத்தது வேறு மாதிரி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். தூக்குவாளியை நான்தான் கொண்டுபோவேன். மெஷினைப் பார்த்தபடியே நின்றுகொண்டு சாப்பிடுவார். உடன் வேலை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாலும் நகரமாட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அம்மா திட்டினால், இந்த சீசனில் ஒரு ஷீட்டைக்கூட அடுத்த கை ஓட்ட வேண்டாம் என்பார். வீம்பு பிடித்த மனுஷன் என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். நான் அப்பாவின் தலைக்கு மேல் ஒரு கோட்டைக் கற்பனையில் வரைந்து பார்ப்பேன். ஆவணியில் அது மஞ்சளாக இருந்தது. புரட்டாசியில் சிவந்துவிட்டது.

ஆயுத பூஜை அன்றைக்கு மெஷின்கள் நின்றன. துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வேலை செய்பவர்கள், இரண்டு வீட்டு ஆட்கள் எல்லாரும் பிரஸ்ஸில் கூடியிருந்தோம். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கைக்கு வந்த பிறகு பெரியப்பா என்னைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டார். கேமில் ஆள் களைத்துப் போனால் என்ன செய்ய வேண்டும், இவர்களுக்குச் சொல்லு என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதற்காகவே பிறந்தவள்போல நான் நிமிர்ந்து நின்றேன்.

"கோடு செவந்துட்டா வெளிய எடுத்துறணும் பெரியப்பா. புது ஆளை எறக்கணும். இல்லாட்டி டீமே தோத்துரும்."

"கேட்டுக்கோ தம்பி. இம்புட்டுப் புள்ளைக்குத் தெரியுது" என்று பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு, தம்பி இரண்டு மாசமாக ஓய்வில்லாமல் நிற்கிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை, நாளையிலிருந்து மெஷினை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், தம்பி பேப்பர் குடோனைப் பார்த்துக்கொண்டு உடம்பைத் தேற்றட்டும் என்றார். அத்தான் அடக்கமாகத் தலைகுனிந்தார். பெரியம்மை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அப்பா சுத்தமாக இருந்த கையை ஒரு வேஸ்ட் துணியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொள்ளை சந்தோஷம். அப்பாவைக் காப்பாற்றியவள் நான்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் இருந்தது. பதினோராவது நாள் தூக்குவாளியோடு போனபோது அப்பா குடோனில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்கைப் பிரிப்பதற்குள் மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறியது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரிந்தது. இரண்டு தாள் சேர்ந்து போகிறது என்று எழுந்து ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். மெஷினுக்குப் பக்கத்தில் மடிப்புக் கலையாத சட்டையோடு நின்ற அத்தான், அப்பாவுக்கு முன்னால் லேசாகக் கையை நீட்டினார்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க சின்ன மாமா. நான் பாத்துக்கிடுதேன்."

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அப்பா ஒரு நிமிஷம் நின்றார். கண் மெஷின் மேலேயே இருந்தது. பிறகு குடோனுக்குத் திரும்பி நடந்தார். அவர் நடந்துபோன அந்தப் பத்துப் பதினைந்து அடியில்தான், ஆயுத பூஜை அன்று நான் சொல்லாமல் விட்ட விதி ஞாபகத்துக்கு வந்தது. வெளியே எடுத்த ஆளைத் திரும்ப இறக்க முடியாது. அந்தப் பெட்டியில் எல்லாச் செட்டிங்கையும் மாற்றலாம், அதை மட்டும் மாற்ற முடியாது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தீபாவளி வந்தது. வெடி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம் இல்லை, என்றாலும் அன்று ஒரு கம்பி மத்தாப்பைக்கூட நான் தொடவில்லை. மத்தியானம் பெரியப்பா வீட்டு ஹாலில் போட்டி. அண்ணனுக்கும் எனக்கும் கடைசி ஆட்டம். பெரியப்பா, பெரியம்மை, அக்கா, அத்தான் எல்லாரும் சோபாவில் இருந்தார்கள். அப்பா அம்மா வரவில்லை. நான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். களைப்பு இருந்தது. தானாக மாற்றுவது இல்லை. நீலச் சட்டையை எடுத்துக்கொண்டேன்.

முதல் நிமிடத்திலிருந்து ஓடும் பொத்தானை விடவே இல்லை. பந்தை எல்லாம் எட்டாம் நம்பருக்கே கொடுத்தேன், அவனை மட்டுமே ஓடவிட்டேன். பாதி ஆட்டத்துக்குள் அவன் கோடு சிவந்துவிட்டது. இரண்டு கோல் வாங்கியாயிற்று. அண்ணனுக்கே பாவமாகப் போய், ஆளை மாற்று பிள்ளை என்றான். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது கோல் விழுந்தது. பெரியப்பா சோபாவின் நுனிக்கு நகர்ந்தார்.

"அவன் தளந்துட்டாம்லா தாயி. மாத்தி விடு. நீ சொல்லிக் குடுத்ததுதான?"

"மாத்த மாட்டேன் பெரியப்பா. வெளிய போனவன் திரும்ப உள்ள வர முடியாது. அன்னைக்கு நீங்க கேட்டீகள்ல, அப்ப அதைச் சொல்லாம விட்டுட்டேன். அதுவும் ரூல்தான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஹாலில் எல்லார் காதிலும் விழுந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் கையில் வைத்திருந்த அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்த்தியா என்று பெரியம்மை தொடங்க, பெரியப்பா கையமர்த்தினார். அவர் எழுந்து போகவில்லை. நாலாவது கோலையும் வாங்கினேன். திரையில் எட்டாம் நம்பர் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தான். விசில் ஊதும்வரை நான் அவனை எடுக்கவில்லை. பிறகு கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டு, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் வந்தேன்.

சமாச்சாரம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. சுவர் ஒன்றுதானே. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதற்கா வளர்த்தேன் என்று அம்மா கையை ஓங்கினாள். அப்பா அவளைத் தடுத்து, என்னைத் தன் முன்னால் நிற்க வைத்துக் கேட்டார்.

"எத்தனை கோல்?"

"நாலு."

"கடைசி வரைக்கும் நின்னானா?"

"நின்னான். ஓட முடியல. ஆனா நின்னான்."

அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு, எனக்கும் சேர்த்து இலை போடச் சொன்னார். மறுநாளும் அவர் குடோனுக்குத்தான் போனார். என் வீரத்தால் ஒரு தூசிகூட நகரவில்லை. அடுத்த வருஷம் விஸ்வநத்தம் ரோட்டில் ஒரு கொட்டகை பிடித்து, பழைய ஒற்றைக் கலர் மெஷின் ஒன்றைப் போட்டு வெடிப்பெட்டி லேபிள் அடிக்கத் தொடங்கினார். இன்று அதை நான் நடத்துகிறேன். நாலு கலர் மெஷின் வந்துவிட்டது. அப்பா வருவார், லென்ஸை வாங்கிப் பார்ப்பார், குறை சொல்வார்.

என் வாயால்தான் அப்பாவின் மெஷின் போயிற்று என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் முதல்முறையாக எங்கள் பிரஸ்ஸுக்கென்று சொந்தக் காலண்டர் போட முடிவு செய்தோம். எப்போது ஓட்டலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். ஆடிப் பெருக்குக்கு முன்னாடி, ஏஜெண்டுகள் கையில் கொடுக்க அதுதான் முதலில் ஓடணும், எப்பவும் அப்படித்தான் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினேன்.

அந்த வருஷம் அடித்த காலண்டரின் அட்டை அங்கே இருந்தது. பெரியப்பா பிரஸ்ஸின் காலண்டர், முருகன் படம். தைப் பொங்கலுக்கு முன்பே எங்கள் அடுப்படியில் மாட்டி, தினமும் காலையில் நான்தான் தாள் கிழித்தேன். வருஷம் முடிந்ததும் அட்டையைப் பரீட்சை எழுத எடுத்துக்கொண்டேன். மணிக்கட்டு பட்டுத் தேய்ந்து அடியில் ஓர் ஓரம் வெளுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், தொடர்புக்கு என்று போட்டு இரண்டு பெயர்கள். ஒன்று பெரியப்பா. எப்போதும் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் அத்தான் பெயர். லென்ஸை வைத்துப் பார்த்தேன். நாலு நிறமும் ஒரு புள்ளி விலகாமல் உட்கார்ந்திருந்தன. ஆடிப் பெருக்குக்கு முன்னால் அந்தப் பெயரை ஓட்டியது அப்பாவைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது.

ஆயுத பூஜைக்கு இரண்டு மாசம் முன்பே அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நின்றபடி சாப்பிட்டார், அடுத்த கை படவிடாமல் ஒவ்வொரு ஷீட்டையும் ஓட்டினார். நான் கோட்டின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி அன்று, கடைசி வரைக்கும் நின்னானா என்று அவர் கேட்டபோதும், என் எட்டாம் நம்பரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னேன்.