கிறுகிப் படுத்த பாலன்

மழை விட்டபாடில்லை. முன்னறையில் கூரை ஒழுகும் இடத்தில் பழைய பத்திரிகைகளை மடித்துப் போட்டுவிட்டு, வழக்கம்போல மறந்துபோனேன். இன்று காலை மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள். "இதென்ன நாத்தம், தூக்கி வெளிய போடுங்க." குனிந்து எடுத்தால் கடதாசி கூழாகிக் கையோடு வந்தது. ஊறிப் புளித்த தாளின் வாடை. எனக்கு அது நாற்றமில்லை என்று அவளுக்கு விளங்கப்படுத்த இப்போதெல்லாம் தெம்பு இல்லை. உங்களிடம் சொல்லலாம்.

ஒரு காலத்தில் நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கடைப் பலகை, பஸ்ஸின் பின்பக்கம், தேர்தல் வந்தால் மதில் என்று எங்கே எழுதச் சொன்னாலும் எழுதுவேன். பிறகு பிளாஸ்டிக் துணியில் அச்சடிக்கும் இயந்திரம் வந்து என்னை வீட்டில் இருத்தியது. அதைச் சொல்லத் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், விடுங்கள். மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் ஒரு தகரக் கொட்டிலின் பாதியை வாடகைக்குப் பிடித்திருந்தேன். மறுபாதியில் ரோசலின் அக்கா இருந்தார்.

நாற்பதை நெருங்கியவர். கல்யாணம் கட்டவில்லை. முன்பு பேக்கரியில் மாப் பிசைந்தவர் என்பதால் முழங்கைக்குக் கீழே ஆண்பிள்ளையின் பலம். கிறிஸ்மஸ் குடிலுக்கு உருவங்கள் செய்வதுதான் அவருடைய தொழில். மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராசாக்கள், ஆடு, மாடு, ஒட்டகம், நடுவில் வைக்கோலில் கிடக்கும் பாலன். மூங்கில் சிம்பில் எலும்பு கட்டி, வைக்கோலைச் சுற்றி, அதன்மேல் ஊறவைத்து இடித்த கடதாசிக் கூழை மரவள்ளி மாப் பசையோடு பிசைந்து அப்புவார். பூச்சி அரிக்காமல் கொஞ்சம் மயில்துத்தம். அந்த வாடைதான் நான் சொன்னது. என் சட்டையில் இருக்கும், மதியச் சோற்றில் இருக்கும்; பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என்னோடு வந்து உட்கார்ந்திருந்தது.

கடதாசியும் அட்டைப் பெட்டியும் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடமிருந்து வரும். ராசாக்களின் அங்கிக்கென்று மினுக்குத் துணியின் வெட்டுத் துண்டுகளையும் தனியாகக் கட்டி அனுப்புவார். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கக் கோயிலில் தீர்த்தம். அந்த நாட்களில் அக்கா அதே கூழில் கிளியும் குதிரையும் செய்து, கோயில் வீதியில் சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கழுத்தில் செபமாலையோடு கிளி விற்கிற பெண்ணை யாரும் விசித்திரமாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் கிளியைத்தான் பார்த்தார்கள்.

கிறிஸ்து பிறந்தது நம்முடைய மாரி காலத்தில் என்பதுதான் ரோசலின் அக்காவுக்கு ஆண்டவரோடு இருந்த ஒரே மனத்தாங்கல். "வெயிலுக்க பிறந்திருந்தா என்னவாம் குறைஞ்சு போயிரும்?" என்பார். கார்த்திகை பிறந்தால் வானம் ஊற்றும். ஈரக் கூழ் காயாது. சட்டிகளில் சிரட்டைக் கரியை மூட்டி, மாதாவையும் சூசையப்பரையும் சுற்றி வைத்துக் காயவிடுவோம். ஒட்டகங்கள் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கும். அவற்றின் கால்களில் தலை இடிக்காமல் நடக்கப் பழக எனக்கு ஒரு மாரி முழுவதும் பிடித்தது.

கண் எழுதுவதை அவர் என்னிடம் விட்டிருந்தார். "எழுத்துக்காரன் தானே, கண்ணும் ஒரு எழுத்துத்தான்." நான் முதன்முதல் கண் எழுதிய ராசா, பாலனை விட்டுவிட்டு மாட்டைப் பார்த்தார். அதை அக்கா மாற்றவில்லை. "அந்த ராசாக்கு மாட்டில ஆசை போல" என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

கொட்டிலை அவர் 'ஸ்டூடியோ' என்றுதான் சொல்வார். சும்மா பகிடிக்கு. நானும் அந்தப் பகிடிக்கு ஒத்துப்போய் அழகான எழுத்தில் 'ஸ்டூடியோ' என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன். வந்தது வினை. தலைக்கு எண்ணெய் வைத்து, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, அடையாள அட்டைக்குப் படமெடுக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "இஞ்ச படம் எடுக்கிறல்ல மனே, உருவம் செய்யிற" என்று அக்கா ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

சுனாமி வந்த அடுத்த வருசம், ஐப்பசி கடைசியில் அவள் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தோம். இருபத்தைந்து வயது மதிக்கலாம். வெளுத்த சட்டை, நிவாரணத்தில் கொடுத்த பெரிய செருப்பு.

"இஞ்ச படம் எடுக்கிறல்ல தங்கச்சி" என்றார் அக்கா.

"எனக்கிட்ட படம் இல்ல அக்கா. அதுக்குத்தான் வந்த நான்."

பெயர் ஜெசிந்தா. பெரியகல்லாற்றுக்கு அங்கால் ஒரு கடற்கரைக் குடியிருப்பு. அந்த இடத்துச் சிறிய கோயிலுக்கு அக்காதான் குடில் உருவங்கள் செய்து கொடுத்திருந்தார். கிறிஸ்மசுக்கு மறுநாள் கடல் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கோயிலும் போய், குடிலும் போய், அக்கா செய்த ஓர் ஆடு மட்டும் வேலி முள்ளில் தொங்கியதாகச் சொன்னார்கள். இப்போது கொட்டகையில் பூசை வைக்கும் அந்தப் பங்குச் சுவாமி, புதிதாக ஒரு குடில் செய்து தரச் சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஜெசிந்தா வந்திருந்தாள்.

கடல் எடுத்தது அவளுடைய மகனை. ஒரு வயது ஆகவில்லை. பிறந்தநாளுக்குப் படம் எடுப்போம் என்று இருந்திருக்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை. வீடு, பெட்டி, சட்டை என்று அவன் இருந்ததற்கு அடையாளமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

"பாலனுக்கு என்ட புள்ளைர முகத்த வையுங்க அக்கா."

ரோசலின் அக்கா கூழ்க் கையைத் துடைத்துக்கொண்டார். "பாலன் யேசுக்கு அவர்ர முகம் இருக்கு தங்கச்சி. அத மாத்த எனக்கு உரிமையில்ல."

"அந்த முகத்த ஆர் அக்கா கண்டது?"

ஜெசிந்தா பிறகு சொன்னதுதான் இன்றும் எனக்குக் கேட்கிறது. "அவன்ட முகம் நாளுக்கு நாள் அழிஞ்சுகொண்டு போகுது. இண்டைக்கு எழும்பக்குள்ள மூக்கு வரல்ல. நாளைக்கு வேற ஏதும் போயிரும். சுறுக்காச் செய்யுங்க அக்கா."

அன்றைக்கே அக்கா பிசையத் தொடங்கினார்.

அதன் பிறகு கிழமைக்கு இரண்டு தரமாவது அவள் பஸ் ஏறி வந்துவிடுவாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்வாள். "கன்னம் இன்னும் ஊதல். நெத்தி இவ்வளவு இல்ல." அக்கா ஏற்றுவார், இறக்குவார். சிலவேளை ஜெசிந்தாவின் முகம் விடியும். "ஓம் ஓம், இந்தா, இதுதான்" என்பாள். அடுத்த முறை வந்து, துணியை நீக்கிப் பார்த்துவிட்டு, இது யாருடைய பிள்ளை என்பதுபோல நிற்பாள். அக்கா தண்ணீர் தொட்டு முகத்தை வழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். மற்ற உருவங்களெல்லாம் காய்ந்து, நான் கண்ணெழுதி, வரிசையில் நின்றன. பாலனுக்கு உடம்பு இருந்தது, தலை இருந்தது, முகம்தான் நிற்கவில்லை.

அவள் போன பிறகு அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். பேக்கரியில் மூட்டை மூட்டையாகப் பிசைந்தபோதுகூட இப்படிக் களைத்ததில்லை என்பார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். ஆறிப்போகும்.

ஒரு நாள் அவளோடு அவளுடைய புருசனும் வந்தான். மரியதாஸ் என்று பெயர். கடல் தொழில் செய்தவன். அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை, வாவியில் மட்டும் வலை போட்டுக்கொண்டிருந்தான். இந்த வேலையில் அவனுக்குச் சம்மதமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வெளியே நல்ல மழை. ஜெசிந்தா துணியை நீக்கிக் காட்டினாள். அவன் கனநேரம் பார்த்தான்.

"இது நம்மட புள்ள இல்ல."

"என்ன பறையிறீங்க? நல்லாப் பாருங்க."

"இது உன்ட தம்பிர முகம். நம்மட புள்ள என்ட உம்மாவப் போல. நீட்டு முகம்."

மன்னியுங்கள், அவன் சொன்னது 'அம்மா' என்றுதான். அக்கம்பக்கத்துப் பேச்செல்லாம் கலந்த கொட்டில் அது, என் காதில் நானாவின் குரலும் சேர்ந்தே கிடக்கிறது. வயதாகிறது.

ஜெசிந்தா எழுந்தாள். "நீங்க எப்ப வீட்டில நிண்டு அவனப் பாத்த நீங்க? விடியமுன்னம் போனா, அவன் படுத்த பிறகு வருவீங்க. உங்களுக்கு என்ன முகம் தெரியும்?"

அவன் அடித்துவிடுவானோ என்று நான் தூரிகையைக் கீழே வைத்தேன். நான் எழுந்து எதைத் தடுத்திருப்பேன் என்று கேட்காதீர்கள். என் உடம்பை நீங்கள் கண்டதில்லை. அவன் அடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அழுகை கேட்கவில்லை.

ரோசலின் அக்கா முகத்தைத் துணியால் மூடினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்டாத் தெரிஞ்சது ஒண்டும் இல்லையா கா?"

சட்டியில் கரி ஒன்று வெடித்துப் பொறி பறந்தது. சுவரைப் பார்த்தபடியே மரியதாஸ் சொன்னான்.

"காது."

ஜெசிந்தா சட்டென்று திரும்பினாள்.

"வலக் காது. மேல மடிஞ்சு கிடக்கும்" என்றான்.

"ஓம்" என்றாள் அவள். "பால் குடுக்கக்குள்ள நீவி நீவி விடுவன். நிமிராது. திரும்ப மடிஞ்சிரும்."

"நானும்தான் நீவிவிட்ட. அவன்ட நித்திரைல."

அக்கா ஒரு உருண்டைக் கூழை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கத் தயங்கினான். வலை கிழித்த தழும்பு ஓடிய விரல்கள். வாங்கி, தலையின் வலப்பக்கத்தில் ஒட்டி, பெருவிரலால் மேல் விளிம்பை மடித்தான். ஜெசிந்தா கிட்ட வந்து, அந்த மடிப்பை இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கினாள். அவன் "ஓம்" என்றான். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். அவ்வளவு நாளும் பொம்மையாகக் கிடந்தது, அந்த ஒரு காதால் ஒரு வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு அக்கா பாலனின் கழுத்தை ஈரமாக்கித் தலையை இடப்பக்கம் திருப்பினார். முகத்தை வைக்கோலில் புதைத்தார். வலக் காது மேலே வந்தது. நான் கண்ணெழுத வேண்டியிருக்கவில்லை.

எடுத்துப்போக வான் வண்டி ஒன்று பிடித்துக்கொண்டு சுவாமி வந்தார். எத்தனையோ பேரை அடக்கம் பண்ணிய வருசம். அவர் கண்ணிலும் நித்திரை இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பாலனிடம் நின்றார்.

"ஏன் ரோசலின், பாலன் நம்மளப் பாக்கல்ல?"

"புள்ளையள் கிறுகித்தான் பாதர் படுக்கும்."

திரும்பிப் படுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுவாமி குனிந்து, அந்தக் காதைப் பார்த்தார். அவருக்கு ஜெசிந்தாவைத் தெரியும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான். தானே தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வேதக்காரனில்லை, எங்கே எழும்புவது எங்கே முழந்தாளிடுவது என்று தெரியாமல் முன்னால் நின்றவரைப் பார்த்துப் பார்த்து, எப்போதும் ஒரு கட்டம் பிந்தினேன். பூசை முடிந்து சனங்கள் வரிசையாக வந்து பாலனின் காலை முத்தமிட்டார்கள். ஜெசிந்தா முத்தமிடவில்லை. குனிந்து, சுட்டுவிரலால் அந்தக் காதை மேல்நோக்கி நீவிவிட்டாள். பின்னால் மரியதாஸும் அப்படியே செய்தான். அவர்களுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் செய்தாள். அவளுக்கும் ஒரு பிள்ளை போயிருந்தது. அப்படி எத்தனையோ பேர் நின்றார்கள் அந்த வரிசையில்.

அந்தப் பாலன் அங்கே இருந்த வரைக்கும் ஒவ்வொரு மார்கழியும் நான் போய் அந்தக் காதுக்கு வர்ணம் பூசுவேன். ஒரே வருசத்தில் தேய்ந்து, சாம்பல் கடதாசி தெரியும்.

ரோசலின் அக்கா அதற்குப் பிறகு மனித முகம் செய்யவில்லை. வேறு ஊர்களிலிருந்து தாய்மார் வந்து கேட்டார்கள். "ஏலாது கா, என்னை விடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். ஆடும் மாடும் மட்டும் செய்தார். "ஆட்டப் பாத்து ஒருத்தரும் அழமாட்டாங்க தம்பி" என்றார் என்னிடம். கடைசியில் வயிற்றில் வந்த நோய் அவரைக் கொண்டுபோனது. கொட்டில் நின்ற இடத்தில் இப்போது மதில் கட்டி, உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுகிறார்கள்.

அந்தக் கடற்கரையில் புதுக் கோயில் எழும்பி, வெளிநாட்டிலிருந்து கண்ணாடி போல மினுங்கும் குடில் வந்தது. பழைய பாலனை என்ன செய்வதென்று யோசித்தபோது மரியதாஸ் போய்க் கேட்டானாம். ஆசீர்வதித்த பொருள் மண்ணுக்குப் போகலாம் என்று சுவாமி சொல்லியிருக்கிறார். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, சின்னதாய் ஒரு குழி. சிலுவையில் அவர்களுடைய பிள்ளையின் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எழுதினேன். என் கை தூரிகை பிடித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். உப்புக் காற்றில் மரம் உக்கி, சில வருசங்களில் சிலுவையும் இல்லை.

போன மாதம் களுவாஞ்சிகுடி பஸ் தரிப்பில் ஜெசிந்தாவைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் படிப்பு முடிக்கப்போகிறாள் என்றாள். மரியதாஸுக்கு முழங்கால் நோ, தோணியை விற்றாயிற்று. பேசிப் பேசி, இரண்டு பேருமே பேசாமல் விட்டிருந்த இடத்துக்கு எப்படியோ வந்துவிட்டோம்.

"இப்ப எனக்கு அவன்ட முகம் ஞாபகமில்ல அண்ணன்" என்றாள். "அவருக்கும் இல்லையாம்."

பஸ் வந்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"அதால இப்ப எங்களுக்குள்ள சண்டையும் இல்ல."